வாசகர் கேள்வி பதில்: செல்லுன்னா என்னன்னு பிள்ளைங்களுக்கு எப்படி காட்டுறது?

கேள்வி: அக்கா, கோயில்ல ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்குறேன், எல்லாம் 9லேருந்து 11 வயசு பிள்ளைங்க. ஸ்கூல்ல பர்மிய பாஷையில படிக்கிறாங்க, தமிழ்லயும் கொஞ்சம் சயின்ஸ் பேசட்டுமேன்னு செல் பாடத்த, அதான் எல்லா உயிரோட உடம்பையும் கட்டியிருக்குற குட்டி அறை, அத எடுத்தேன். போர்டுல படம் வரைஞ்சு மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம்னு செல்லுக்குள்ள இருக்குற பாகத்தோட பேரெல்லாம் எழுதிப் போட்டா ஆளாளுக்கு கொட்டாவி விடுறாங்க. எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்?
- ஒரு டீச்சர், யாங்கோன்

பதில்: வெங்காயத்துலேருந்து ஆரம்பிங்க டீச்சர். மைட்டோகாண்ட்ரியா ரெண்டு வருஷம் கழிச்சு வந்தாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது, ஒரு செல்லக்கூட கண்ணால பாக்காத பிள்ளைக்கு அந்தப் பேரெல்லாம் வெறும் மனப்பாடம்தான். வெங்காயத்த நாலா வெட்டி ஒரு இதழ எடுத்து, குழிவா இருக்குற உள்பக்கத்துல நகத்தால கிள்ளி இழுத்தா ரொம்ப மெல்லிசா ஒரு தோல் உரிஞ்சு வரும், அத ஸ்லைடுல ஒரு சொட்டு தண்ணியில சுருங்காம விரிச்சு, மருந்துக்கடை டிங்க்சர் அயோடின தண்ணி கலந்து ஒரு சொட்டு விட்டு, மேல மூடுற மெல்லிசுக் கண்ணாடி, அதான் கவர் கிளாஸ், அத ஒரு பக்கமா சாய்ச்சு மெதுவா இறக்கணும். பட்டுனு போட்டா காத்து மாட்டிக்கும், கருப்பு விளிம்போட உருண்டையா தெரியிற அந்தக் காத்துக் குமிழப் பாத்துதான் பிள்ளைங்க "செல் தெரியுது, செல் தெரியுது"ன்னு கத்துவாங்க.

சின்ன லென்ஸ்லயே முதல்ல பாக்கச் சொல்லுங்க. செங்கல் அடுக்குன மாதிரி வரிசையா கட்டம் கட்டமா தெரியும், உள்ள மஞ்சப்பழுப்பா ஒரு புள்ளி, அதான் செல்லோட கரு, நியூக்ளியஸ். பாத்தத அவங்களே வரையட்டும், பேர் அப்புறம் சொல்லுங்க, செல் சுவர், நியூக்ளியஸ், உள்ள கூழ் மாதிரி இருக்குற சைட்டோபிளாசம்னு மூணு போதும். 1665ல ராபர்ட் ஹூக்குன்ற இங்கிலாந்து விஞ்ஞானி தக்கைய சீவி மைக்ரோஸ்கோப்புல பாத்தப்ப அவருக்குத் தெரிஞ்சது செத்துப்போன செல்லோட காலிச் சுவர் மட்டும்தான், நீங்க அதவிட அதிகமா பாத்துட்டீங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க, உண்மையும் அதான்.

யாராவது புத்தகத்துப் படத்தோட ஞாபகத்துல பச்சைப் புள்ளி வரைவாங்க. திட்டாதீங்க, வெங்காயத்துல பச்சை எங்கன்னு திருப்பிக் கேளுங்க. மண்ணுக்குள்ள இருக்குற வெங்காயத்துல, செடிக்குப் பச்சை நிறம் தர்ற குளோரோபிளாஸ்ட் கிடையாது, அது வேணும்னா மீன் தொட்டியில போடுற வேலம்பாசி இலை ஒண்ண வைங்க, பச்சை மணி மணியா தெரியும், கொஞ்சம் பொறுமையா பாத்தா அது மெதுவா நகர்றதும் தெரியும். எனக்கு இந்தப் பாடத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம் இது.

கரண்ட் போற ஊருக்கு அடியில கண்ணாடி வச்ச பழைய மைக்ரோஸ்கோப்பே நல்லது, ஜன்னல் வெளிச்சம் போதும். ஆனா வெயில நேரா அந்தக் கண்ணாடியில பிடிக்க விட்றாதீங்க, கண்ணுக்கு ஆபத்து.

கேள்வி: பம்பளிமாஸ் சுளைக்குள்ள முத்து முத்தா இருக்கே, அது ஒவ்வொண்ணும் ஒரு செல்லான்னு மகன் கேக்குறான்.
- ஒரு அம்மா, பெகு

பதில்: இல்லம்மா, அது சாறுப் பை, ஒரு முத்துக்குள்ளயே ஏகப்பட்ட செல் இருக்கு. வெறும் கண்ணால ஒத்தச் செல்ல பாக்கணும்னா கோழிமுட்டைய உடைங்க, கருவாகாத முட்டையில அந்த மஞ்சக்கரு மொத்தமும் ஒரே செல். நல்ல கேள்வி கேட்டிருக்கான்.

கேள்வி: எங்ககிட்ட மைக்ரோஸ்கோப்பே இல்லையே அக்கா?
- ஒரு வாசகர், மௌல்மீன்

பதில்: ஃபோல்ட்ஸ்கோப்னு பேப்பர மடிச்சு செய்ற ஒண்ணு இருக்கு தம்பி, அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டியில மனு பிரகாஷும் அவரோட ஆளுங்களும் உருவாக்குனது, 140 மடங்கு பெருசாக் காட்டும், வெங்காயத்தோலுக்கு தாராளமா போதும். வெளிநாட்டுலேருந்து சொந்தக்காரங்க யாராவது வந்தா சொல்லி வாங்கிட்டு வரச் சொல்லுங்க.