.22-250 துப்பாக்கியில் 75 கிரெய்ன் குண்டு பக்கவாட்டில் புரள்வது ஏன்?

வெடிமருந்தின் அளவை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. அந்த 75 கிரெய்ன் (குண்டின் எடையைக் குறிக்கும் சிறு அலகு) குண்டை நிலைப்படுத்த உங்கள் குழலின் புரி, அதாவது குண்டைச் சுழலவைக்கும் உட்புறத் திருகு வரிகள், போதவில்லை. 100 கஜத்தில் வைத்த தாளில் வட்டத் துளைக்குப் பதிலாகச் சாவித்துளை போன்ற நீளக் கிழிசல் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குண்டு புரண்டு பாய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

பழைய .22-250 ரெமிங்டன் துப்பாக்கிகள் பலவற்றில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற புரிதான் இருக்கும். வயோமிங் புல்வெளிகளில் பிரெய்ரி நாய்கள் எனப்படும் வளைவாழ் கொறிவிலங்குகளைச் சுடுவோர் விரும்பும் 50, 55 கிரெய்ன் குண்டுகளுக்கு அது போதும். உங்கள் 75 கிரெய்ன் குண்டுக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று போன்ற இறுக்கமான புரி வேண்டும். உண்மையில் எடையைவிடக் குண்டின் நீளமே இதைத் தீர்மானிக்கிறது. ஈயமில்லாத செப்புக் குண்டுகள் எடை குறைவாக இருந்தும் தடுமாறுவது அதனால்தான்.

முதலில் அளந்து பாருங்கள். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, தானாகச் சுழலும் கைப்பிடியுள்ள துப்புரவுக் கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றிக் குழலுக்குள் செலுத்தி, கம்பியின் மேற்புறத்தில் மையால் ஒரு புள்ளி வையுங்கள். அப்புள்ளி ஒரு முழுச் சுற்று சுற்றி மீண்டும் மேலே வருவதற்குள் கம்பி எத்தனை அங்குலம் நகர்கிறதோ, அதுவே உங்கள் புரி.

14 அங்குலம் என்று வந்தால் 55 கிரெய்ன் குண்டுக்கே திரும்புங்கள். அப்போதும் இப்போதைய மருந்தளவை அப்படியே வைத்துவிடாதீர்கள். தோட்டாவில் மருந்து நிரப்புவதற்கான கையேட்டில் அந்தக் குண்டுக்கென்று தந்துள்ள தொடக்க அளவிலிருந்தே ஆரம்பியுங்கள்.