ஓனர்–ஸ்லேவ் உறவு: காண்ட்ராக்ட் முதல் மன்ச் வரை

18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும். இருவர் மனமொத்து, ஒருவர் அதிகாரம் செலுத்துபவராகவும் (ஓனர்) மற்றவர் கீழ்ப்படிபவராகவும் (ஸ்லேவ்) வாழும் உறவைப் பற்றியது இது. வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

டாம்–சப் என்பதற்கும் ஓனர்–ஸ்லேவ் என்பதற்கும் என்ன வித்தியாசம் அக்கா?

டாம்–சப் (ஆள்பவர்–பணிபவர்) உறவில் அதிகாரத்துக்குப் பெரும்பாலும் ஒரு வேலி இருக்கும்: சனிக்கிழமை இரவு மட்டும், படுக்கையறையில் மட்டும் என்று. ஓனர் உறவு மறுமுனையிலிருந்து தொடங்குகிறது. எல்லாம் ஓனர் பொறுப்பு என்று வைத்துக்கொண்டு, எவையெல்லாம் அதில் சேராது என்று எழுதுகிறார்கள். அதனால் இங்கே உயிரான பகுதி அந்த விலக்குப் பட்டியல்தான். மருத்துவம், வேலை, சம்பளக் கணக்கு, பிள்ளைகள், பெற்றோருடன் பேச்சு, அடையாள ஆவணங்கள் ஆகியவை முதல் வருடம் முழுக்க வெளியே இருக்கட்டும். ஆதார், பாஸ்போர்ட், ஏடிஎம் கார்டு மூன்றும் உங்கள் அலமாரியில், உங்கள் சாவியில். இதை விட்டுக்கொடுக்கச் சொல்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

நானும் கணவரும் ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறோம். காண்ட்ராக்ட் எப்படி எழுதுவது?

முதல் காண்ட்ராக்ட் 30 நாளுக்கு மேல் வேண்டாம். நாள் முடிந்ததும் தானாகக் காலாவதியாக வேண்டும், தானாக நீளக் கூடாது. மறுபடி வேண்டுமென்றால் மறுபடி உட்கார்ந்து எழுதுங்கள்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது விதிகளின் எண்ணிக்கையில். ஆசையில் 20 விதி எழுதிவிடுவார்கள். ஒவ்வொரு விதியையும் ஸ்லேவ் செய்தால் போதாது, ஓனர் கவனிக்கவும் வேண்டும். பத்தாம் நாள் ஓனர் ஆபீஸ் களைப்பில் கவனிக்க மறப்பார். செய்தவருக்கு "நான் செய்ததற்கு மதிப்பில்லையா" என்று மனசு விட்டுப்போகும். உறவு கசப்பது தண்டனையால் அல்ல, பெரும்பாலும் இந்த அலட்சியத்தால்தான். மூன்று விதி போதும். உதாரணமாக, காலை காபி டம்ளரை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டுவது, வெளியே கிளம்புமுன் சொல்லிவிட்டுப் போவது, இரவு படுக்குமுன் அன்றைய நாளைப் பற்றி ஐந்து வரி எழுதிக் காட்டுவது. டம்ளரை வாங்கும்போது ஓனர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த விதி அன்றோடு செத்தது. வாங்குபவரும் முகம் பார்த்து வாங்க வேண்டும்.

வாரம் ஒரு மணி நேரம் ஓனர், ஸ்லேவ் வேடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பேசுங்கள். காலரை (ஸ்லேவ் அடையாளமாக அணியும் கழுத்துப்பட்டையை) கழற்றி, ஒரே உயர நாற்காலியில், வீட்டில் கூப்பிடும் பெயர் சொல்லி. எதைச் சொல்லாமல் விழுங்கினாய் என்று ஓனர் கேட்க வேண்டும். அதே கேள்வியை அவரிடமும் கேட்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் சொன்ன எதற்கும் பிறகு தண்டனை கிடையாது என்பதைக் காண்ட்ராக்டிலேயே எழுதிவிடுங்கள்.

முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார். செல்லுமா?

செல்லாது. கட்டாய உழைப்பைத் தடை செய்யும் அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவும், சட்டவிரோத நோக்கமுள்ள ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கும் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவும் குறுக்கே நிற்கும். வெள்ளைத்தாளே போதும், ஆதார் எண்ணோ முழுப்பெயரோ வேண்டாம்.

அடி, உதை சம்பந்தப்பட்டதைச் சேர்த்தே சொல்கிறேன். இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 25-ஆவது பிரிவு, 18 வயது கடந்தவர் சம்மதித்து ஏற்ற காயத்துக்கு ஓரளவு இடம் தருகிறது. மரணமோ கொடுங்காயமோ நோக்கமாக இருக்கக் கூடாது, நேரக்கூடும் என்று தெரிந்தும் செய்யக் கூடாது. எலும்பு முறிவதும் பல் உடைவதும் கொடுங்காயக் கணக்கில் வரும். லண்டனிலிருந்து கேட்ட நண்பருக்கு: அங்கே 1993-இல் பிரபுக்கள் சபை தந்த பிரவுன் வழக்குத் தீர்ப்புப்படி உண்மையான காயம் ஏற்பட்டால் சம்மதித்தார் என்பது பொதுவாகக் குற்றச்சாட்டிலிருந்து தப்ப வழியாகாது.

"நிஜ ஸ்லேவுக்கு சேஃப் வேர்ட் கிடையாது" என்கிறார் சகோ. உண்மையா?

இல்லை. விலகிவிடுங்கள். 24 மணி நேர உறவில்தான் நிறுத்தும் சொல் அதிகம் தேவை. சிவப்பு என்றால் உடனே நிறுத்து, மஞ்சள் என்றால் வேகம் குறை, பேசு. வாய் கட்டியிருந்தால் கையில் சாவிக்கொத்து கொடுங்கள், கீழே விழுந்தால் சிவப்பு என்று அர்த்தம். இவை தவிர, "நான் வெளியேறுகிறேன்" என்ற ஒரு வாக்கியம் உறவையே முடிக்கும் உரிமையாக, காரணம் கேட்காமல் ஏற்கப்பட வேண்டும். அந்த வாக்கியத்துக்குப் பலம் வேண்டுமென்றால் உங்கள் பெயரிலேயே உள்ள கணக்கில் மூன்று மாதச் செலவுக்கான பணமும், போய்த் தங்க ஒரு வீடும் இருக்க வேண்டும்.

சென்னையில் ஆட்களை எங்கே தேடுவது?

ஃபெட்லைஃப் என்ற, இந்த ஆர்வமுள்ளவர்களுக்கான சமூக வலைத்தளத்தில் ஊர் பெயர் போட்டு குழுக்களையும் நிகழ்வுகளையும் பாருங்கள். 2008-இல் தொடங்கிய தளம், டேட்டிங் தளமாக எண்ண வேண்டாம். புனைபெயர், புது மின்னஞ்சல், முகமில்லாத படம். இந்தியாவில் கிங்கி கலெக்டிவ் என்ற குழு சம்மதம் பற்றி வெளிப்படையாகப் பேசிவருகிறது.

நேரில் பழக நல்ல வழி மன்ச், அதாவது இந்த ஆர்வமுள்ளவர்கள் பொது இடத்தில் சும்மா கூடிப் பேசும் சந்திப்பு. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் 1990-களின் தொடக்கத்தில் ஒரு பர்கர் கடையில் கூடிய கூட்டத்திலிருந்து பிறந்த வழக்கம் இது. காபி கடை, சாதாரண உடை, வெறும் பேச்சு. நடத்துபவருக்கு முன்கூட்டியே எழுதி, முதல்முறை வருகிறேன் என்று சொல்லுங்கள். உங்கள் பில்லை நீங்களே கொடுங்கள். யார் எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். அடுத்தவர் காலரைத் தொடாதீர்கள். உங்களுக்கு ஓனர் அல்லாத ஒருவரை மாஸ்டர் என்று அழைக்கத் தேவையில்லை.

ஒருவரைப் பிடித்துப்போனால் அவரைப் பற்றி மூன்று பேரிடம் விசாரியுங்கள். அவர் கைகாட்டிய ஆட்களிடம் மட்டும் கேட்டால் போதாது. ஒருவராவது நீங்களாகத் தேடிப் பிடித்தவராக இருக்க வேண்டும். முதல் தனிச் சந்திப்பன்று ஒரு தோழிக்கு இடமும் நேரமும் கொடுத்து, "9:30-க்கு நான் கூப்பிடாவிட்டால் நீ கூப்பிடு, எடுக்காவிட்டால் 112" என்று பேசி வையுங்கள். பார்க்குமுன்பே "காணிக்கை" என்று ஜிபேயில் பணம் கேட்பவர் ஏமாற்றுக்காரர்.

காலரோடு தூங்கலாமா? ஆபீஸுக்கு?

தூங்கும்போது கழுத்தில் வேண்டாம். விழித்திருக்கும்போதும் இரண்டு விரல் நுழையும் இடைவெளி, பூட்டு இருந்தால் சாவி அதே அறையில். ஆபீஸுக்கு மெல்லிய வெள்ளிச் சங்கிலியோ ஒற்றைக் கொலுசோ போதும். அர்த்தம் உங்கள் இருவருக்கும் தெரிந்தால் சரி.

இது மனநோயா?

இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஐசிடி-11 பட்டியலில் சம்மதத்தோடு நடக்கும் சேடோமசோகிசம் (வலி தருவதிலும் பெறுவதிலும் இன்பம் காண்பது) நோயாக இல்லை. தீவிரமான ஒரு நாளுக்குப் பின் ஒன்றிரண்டு நாள் அழுகையும் சோர்வும் வருவது சகஜம். ஓனருக்கும் வரும். சாப்பாடு, தூக்கம், மறுநாள் ஒரு போன். இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரைப் பாருங்கள்.

பிரிய நினைத்தேன். படங்களை வீட்டுக்கு அனுப்புவேன் என்கிறார்.

பணம் கொடுக்காதீர்கள், கெஞ்சாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள். மிரட்டல் செய்திகளைத் தேதி, எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொரு மின்னஞ்சலில் சேமியுங்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியுங்கள். பணமும் போயிருந்தால் உடனே 1930. படம் எடுக்கச் சம்மதித்தது பரப்பவும் சம்மதித்ததாகாது. நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவு பெண்களுக்கு இதைத் தெளிவாகவே சொல்கிறது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ ஆண்களுக்கும் பொருந்தும். புகாரில் உங்கள் உறவின் வகையை விளக்க வேண்டியதில்லை. "அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டுகிறார்" என்று ஒரு வரி போதும். ஜிமெயில், வாட்ஸ்அப் கடவுச்சொற்களை இன்றிரவே மாற்றிவிடுங்கள். மன்ச் நடத்துபவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், அடுத்த மாதம் அதே மேசைக்கு இன்னொரு புதியவர் வருவார்.