முரட்டுக் கத்தி – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஊர்க் கொல்லுப்பட்டறைகள் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். எனக்கும் ஒரு கத்தி அடித்து வாங்க ஆசை. தோட்டத்தில் கிளை கழிக்க, தேங்காய் உடைக்க, இளநீர் சீவ, எல்லாவற்றுக்கும் ஒன்று. இணையத்தில் ‘ரஸ்டிக்’ என்று சுத்தியல் தழும்போடு கருகருவென்று 6,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். அந்தப் படத்தை எங்கள் ஊர் ஆசாரியிடம் காட்டினேன். “இது அடிச்சதில்லீங்க தம்பி, அடிச்ச மாதிரி காட்றதுங்க” என்று சிரித்தார். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் தானே அடித்துத் தருவதாகச் சொல்கிறார். பழைய இரும்பை நம்பலாமா? அந்த முரட்டு அழகு அதில் வருமா?

ர., கோவை மாவட்டம்

அன்புள்ள ர.,

ஆசாரியிடமே கொடுங்கள்.

பட்டறைக் கத்தி கருப்பாக இருப்பது அலங்காரம் இல்லை. பழுக்கக் காய்ந்த இரும்பில் காற்றுப் பட்டுப் படியும் செதில் அது. வெட்டுவது வாய்தான் என்பதால் அங்கே மட்டும் அரம் போட்டுச் சாணை பிடிப்பார். மற்ற இடத்தைப் பளபளப்பாக்கினால் கூலி ஏறும், வெட்டு ஏறாது. தழும்பு விஷயம் இன்னும் வேடிக்கை. கை தேர்ந்த ஆசாரி தழும்பு தெரியாமல் அடிக்கத்தான் பார்ப்பார். கடைசிச் சூட்டில் மெல்லத் தட்டிச் சமன் செய்துவிடுவார். உடம்பெல்லாம் குழி விழுந்த கத்தி என்றால், பழகாத கை அடித்திருக்க வேண்டும், இல்லை குழிக்காகவே அடித்திருக்க வேண்டும். 6,000 ரூபாயில் பெரும்பங்கு அந்தக் குழிகளுக்குத்தான் என்பது என் சந்தேகம்.

லாரிப் பட்டை நல்ல எஃகு. அதில் கார்பன் ஏறக்குறைய 0.5 முதல் 0.6 சதவீதம் இருக்கும். வாய் கடினமாக அது போதும். அடி விழுந்தால் உடைந்துபோகும் அளவுக்கு அதிகமும் இல்லை. கட்டடக் கம்பியில் கத்தி அடித்தால் கூர் நிற்காது, கார்பன் போதாது. ஆனால் சாலையில் முறிந்த பட்டை வேண்டாம். ஓர் இடத்தில் முறிந்தது இன்னும் நாலு இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டிருக்கலாம். முறியாத பட்டையாகக் கேளுங்கள், நடுவில் போல்ட் ஓட்டை உள்ள பகுதியைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

அடிப்பதைவிட முக்கியமான வேலை தோய்ச்சல், அதாவது பழுக்கக் காய்ந்த இரும்பைச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்குவது. அன்றைக்கு மட்டுமாவது பட்டறையில் போய் நில்லுங்கள். உள்ளே இருட்டாக இருக்கும். அது வேண்டுமென்றே வைத்திருக்கும் இருட்டு. வெயிலில் இரும்பின் நிறம் கண்ணை ஏமாற்றிவிடும். தோல் துருத்தி போய் இப்போது பெரும்பாலும் ப்ளோயர்தான், கரி மட்டும் அதே கருவேலங்கரி. ஏறக்குறைய 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. அதற்குக் கொஞ்சம் மேலே போனதும் எடுக்க வேண்டும். ஆசாரி காந்தம் வைத்துப் பார்ப்பதில்லை, நிறத்தைப் பார்த்தே எடுத்துவிடுவார்.

எடுத்ததும் முழுக் கத்தியையும் முக்க மாட்டார். வாய்ப் பக்கம் இரண்டு விரல் அளவு மட்டும் தண்ணீரில் விட்டு, மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே இருப்பார். அசையாமல் பிடித்தால் நீர்க்கோட்டில் விரிசல் விழும். வெளியே எடுத்து ஒரு செங்கல் துண்டால் வாயை வெள்ளையாகத் தேய்ப்பார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாயை நோக்கி இறங்க, நிறங்கள் ஓடி வரும்: முதலில் வைக்கோல் மஞ்சள், 220 டிகிரியை ஒட்டி. பிறகு பழுப்பு. 280-ஐ நெருங்கும்போது கத்திரிப்பூ நிறம், 300-இல் நீலம். வெட்டுக்கத்திக்குப் பழுப்பு ஊதாவாகத் திரும்பும் நேரத்தில் மறுபடி தண்ணீர். காய்கறிக் கத்தி என்றால் மஞ்சளிலேயே நிறுத்திவிடலாம். நீலம் தாண்டிப் போனால் தேங்காய் ஓட்டில் வாய் மடங்கும். மறுபடி உலைக்குப் போக வேண்டியதுதான்.

ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். பட்டை எஃகை ஆலைகளில் எண்ணெயில்தான் தோய்ப்பார்கள். ஆசாரியிடம் எண்ணெய்த் தொட்டி இருந்தால் அதிலேயே செய்யச் சொல்லுங்கள். தண்ணீர்தான் என்றால் வாய் மட்டும். ஆறிய பிறகு ஒரு அரத்தை ஓட்டிப் பாருங்கள். முதுகில் கடிக்கும், வாயில் தயங்கும்.

எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். இளநீர் சீவ மெல்லிய வாய் வேண்டும், தேங்காய்க்குக் கனமான முதுகு. கிளை கழிக்க உங்கள் பக்கத்துக் கொடுவாளே போதும், அந்த வளைவு கிளையைப் பிடித்துக்கொள்ளும். பனையேறிகள் பாளை சீவுவதற்கென்றே தனி அரிவாள் வைத்திருப்பதும் இதனால்தான். ஏழு ஊருக்கு ஒரு உலை என்று குறுந்தொகையில் வரும். அப்படிப்பட்ட பட்டறையில் கத்தி யார் கைக்குப் போகிறது என்று அடிப்பவனுக்குத் தெரிந்திருக்கும். இப்போது நீங்கள்தான் சொல்ல வேண்டும். பழகிய பழைய கத்தி ஒன்றை எடுத்துப் போங்கள். எங்கே கை வலிக்கிறது, எங்கே நழுவுகிறது என்று காட்டுங்கள். இடக்கை என்றால் முதலிலேயே சொல்லுங்கள். பிடிக்குப் பூவரசு கிடைத்தால் நல்லது.

ஆதார் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு, எதற்கு என்று எழுதி வைத்துக்கொண்டுதான் அரிவாள், கத்தி கொடுக்க வேண்டும் என்று 2021-இல் காவல்துறை பட்டறைக்காரர்களுக்கு அறிவுறுத்தியது. ஆசாரி கேட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.