ஒரு டேட்டாபேஸுக்கு 128 கோருக்கும் லைசென்ஸா?

கேள்வி: எங்கள் விஎம்வேர் (ஒரு சர்வரில் பல விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள்) கிளஸ்டரில் நான்கு சர்வர்கள். ஒவ்வொன்றிலும் 16 கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) இன்டெல் பிராசஸர் இரண்டு. ஒரே ஒரு விர்ச்சுவல் மெஷினில், 8 விசிபியு (விர்ச்சுவல் பிராசஸர்) ஒதுக்கி, ஆரக்கிள் டேட்டாபேஸின் என்டர்பிரைஸ் எடிஷன் ஓடுகிறது. கையில் 4 பிராசஸர் லைசென்ஸ் இருக்கிறது. ஆரக்கிளின் லைசென்ஸ் ஆடிட் வரும் போலிருக்கிறது. இது போதுமா?

பதில்: ஆரக்கிள் போடும் கணக்கில் போதாது. விர்ச்சுவல் மெஷினுக்கு நீங்கள் எத்தனை விசிபியு கொடுத்தீர்கள் என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. அது எந்தெந்த சர்வரில் ஓட வாய்ப்பிருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். நான்கு சர்வருக்கும் சேர்த்து 128 கோர். இன்டெலுக்கான கோர் ஃபேக்டர் (கோர் எண்ணிக்கையை லைசென்ஸாக மாற்ற ஆரக்கிள் பெருக்கும் எண்) 0.5 என்பதால் 64 லைசென்ஸ். ஒன்றின் பட்டியல் விலை 47,500 டாலர். மொத்தம் 30,40,000 டாலர். ஆண்டு சப்போர்ட் அதில் 22 சதவீதம். பட்டியல் விலையில் யாரும் வாங்குவதில்லை என்பது உண்மைதான், ஆனால் பேரம் இந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும்.

இதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டுவது பார்ட்டிஷனிங் பாலிசி என்ற ஆவணம். அதில் விஎம்வேர் 'சாஃப்ட் பார்ட்டிஷனிங்' (மென்பொருளால் மட்டும் சர்வரைப் பிரிப்பது) பட்டியலில் இருக்கிறது; அதை வைத்து லைசென்ஸ் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. விஎம் இந்த ஹோஸ்ட்டை (அது ஓடும் சர்வரை) தாண்டாது என்று, விஎம்களை சர்வர்களுக்கிடையே பகிரும் விஎம்வேர் வசதியான டிஆர்எஸ்ஸில் விதி போட்டு வைத்திருந்தாலும் ஏற்கமாட்டார்கள். விஎம்வேரின் வி-ஸ்பியர் 6.0 பதிப்பு வந்த பிறகு ஒரு வி-சென்டரிலிருந்து (கிளஸ்டர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) இன்னொன்றுக்கும் விஎம்மை ஓடும்போதே நகர்த்தலாம் என்பதால், கிளஸ்டருக்கு வெளியே உள்ள சர்வர்களையும் கணக்கில் சேர்க்கப் பார்ப்பார்கள்.

ஆனால் அந்த ஆவணம், தான் ஒப்பந்தத்தின் பகுதியல்ல, தகவலுக்காக மட்டுமே என்று தன்னிடத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. உங்களைக் கட்டுவது நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். அதில் பொதுவாக, மென்பொருள் நிறுவப்பட்ட அல்லது ஓடுகிற பிராசஸர்கள் என்றுதான் இருக்கும்; ஓடக்கூடிய பிராசஸர்கள் என்று இருக்காது. வாதாட இடம் உண்டு. வாதாடும் செலவும் உண்டு. அதனால் பழைய ஒப்பந்தத்தைத் தேடியெடுத்து, லைசென்ஸ் விவகாரம் தெரிந்த வக்கீலிடம் முதலில் காட்டுங்கள். அதுவரை விற்பனைப் பிரதிநிதியோடு போனில் பேசிக்கொண்டே கிளஸ்டர் விவரத்தைச் சொல்லிவிடாதீர்கள். முறைப்படியான ஆடிட் என்றால் எழுத்தில் நோட்டீஸ் வரும். வழக்கமான ஒப்பந்தங்களில் அதற்கு 45 நாள் அவகாசம்.

சரி, இனி எப்படி ஓட்டுவது? என் தேர்வு மிகச் சாதாரணமானது: 8 கோர் பிராசஸர் ஒன்று மட்டும் உள்ள புதிய சர்வர் வாங்கி, விஎம்வேர் இல்லாமல் நேரடியாக லினக்ஸில் டேட்டாபேஸை வைப்பது. 8 கோர், பாதி 4, கையில் இருக்கும் லைசென்ஸும் 4. உங்கள் 8 விசிபியு அதிகபட்சம் 8 கோர் வேலைதான். ஆக வேகம் பெரும்பாலும் குறையாது. இருக்கிற ஹோஸ்ட் ஒன்றைப் பிரித்துக் கொடுக்கலாமே என்று தோன்றும். அதில் 32 கோர், 16 லைசென்ஸ் வேண்டும். சர்வரின் விலை லைசென்ஸுக்கு முன்னால் சில்லறை. இந்த மாற்றம் இனிமேலுக்குத்தான். இதுவரை ஓடியதற்கு ஆடிட்டில் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

விர்ச்சுவலாக்கம் வேண்டியே தீரும் என்றால் ஆரக்கிள் லினக்ஸின் விர்ச்சுவலாக்க வசதியான கேவிஎம்மில் கோர்களைப் பின் செய்யுங்கள், அதாவது விஎம்மைக் குறிப்பிட்ட கோர்களோடு கட்டிவிடுங்கள். அதை 'ஹார்டு பார்ட்டிஷனிங்' என்று ஏற்கிறார்கள், ஆனால் அவர்கள் சொன்ன முறையில் செய்திருக்க வேண்டும். அந்த விஎம்மை லைவ் மைக்ரேஷன் (ஓடும்போதே வேறு சர்வருக்கு நகர்த்துவது) செய்யவும் கூடாது.

என்டர்பிரைஸ் உண்மையிலேயே தேவையா என்றும் பாருங்கள். ஸ்டாண்டர்டு எடிஷன் 2 கோர் கணக்கில் அல்ல, சாக்கெட் (பிராசஸர் பொருத்தும் இடம்) கணக்கில்: ஒன்றுக்கு 17,500 டாலர். இரண்டு சாக்கெட்டுக்கு மேல் வசதியுள்ள சர்வரில் போட முடியாது, டேட்டா கார்டும் (மாற்று டேட்டாபேஸ் பிரதியைத் தயாராக வைக்கும் வசதி) பார்ட்டிஷனிங்கும் (இங்கே, பெரிய டேபிளைத் துண்டுகளாகப் பிரிக்கும் வசதி) கிடையாது. அவற்றைத் தொடாத நிறுவனங்கள் நிறையவே உண்டு.

அப்புறம், தனியாக லைசென்ஸ் வாங்க வேண்டிய டயக்னாஸ்டிக்ஸ் பேக், டியூனிங் பேக். வாங்காவிட்டாலும் என்டர்பிரைஸில் இவை இயல்பாகவே திறந்திருக்கும். டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) ஒருமுறை ஏடபிள்யூஆர் எனும் செயல்திறன் ரிப்போர்ட் எடுத்தாலே, பயன்படுத்தியதாக டேட்டாபேஸில் பதிவாகிவிடும். கண்ட்ரோல்_மேனேஜ்மென்ட்_பேக்_ஆக்சஸ் அளவுருவை 'நன்' (NONE) என்று வையுங்கள்.

எதிர்காலத்தில் லைசென்ஸில் பாதியைத் திருப்பிக் கொடுத்தால் சப்போர்ட் பில்லும் பாதியாகும் என்று பட்ஜெட் போட்டுவிட வேண்டாம். மிச்சமுள்ளவற்றுக்கு, பழைய தள்ளுபடியைக் குறைத்து, விலையைத் திரும்பக் கணக்கிடுவார்கள். பில் கிட்டத்தட்ட அங்கேயே நிற்கலாம்.