கருவில் வளரும் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எப்படித் தெரிகிறது?

செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல வெளியிடும் வேதிப்பொருள்தான் சமிக்ஞை மூலக்கூறு. விழித்திரையில் குழாய்களுக்கு வழிகாட்டும் முக்கியமான ஒன்று விஇஜிஎஃப் என்ற புரதம்.

கருவின் சுமார் 16ஆவது வாரம் வரை விழித்திரைக்குள் ரத்தக்குழாயே கிடையாது. வளர வளர ஆக்சிஜன் போதாத இடத்துச் செல்கள் இந்தப் புரதத்தைச் சுரக்கின்றன. அது மிகுந்திருக்கும் திசையில் குழாய்கள் நீள்கின்றன. தண்ணீர் வராத தெருக்காரர்கள் மனு கொடுத்தால் குழாய் அந்தப் பக்கம் வருவது போல. தண்ணீர் வந்ததும் மனு நின்றுவிடும். ரத்தக்குழாய்கள் விழித்திரையின் விளிம்பை எட்டுவது கருவின் ஏறக்குறைய 40ஆவது வாரத்தில்தான்.

குறைமாதக் குழந்தைகளுக்குத்தான் இதில் ஆபத்து. உயிர்காக்கக் கொடுக்கும் கூடுதல் ஆக்சிஜனால் சுரப்பு குறைந்து, குழாய்கள் பாதியில் நின்றுவிடலாம். சில வாரங்கள் கழித்து, வளர்ந்த விழித்திரைக்கு ஆக்சிஜன் பற்றாமல் புரதம் அளவுமீறிச் சுரக்கும். தாறுமாறாக முளைக்கும் குழாய்கள் விழித்திரையையே பிரித்து இழுத்துவிடக்கூடும். அதனால்தான் இந்தியாவில் 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

விஇஜிஎஃப் என்றாலே கெடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லாமல் எந்தக் குழந்தையின் விழித்திரைக்கும் ரத்தம் போய்ச் சேராது, தவறுவது அதன் அளவும் நேரமும் மட்டுமே.