பேக்கேஜ் பன்னிரண்டாயிரம்: டிரைவிங் ஸ்கூலில் எதற்குக் காசு கொடுக்கிறோம்?

கேள்வி: மகனுக்கு அடுத்த மாதம் 18 முடிகிறது. பைக், கார் இரண்டுக்கும் லைசென்ஸ் எடுக்க வேண்டும். பக்கத்து டிரைவிங் ஸ்கூலில், “பேக்கேஜ் பன்னிரண்டாயிரம், எல்லாம் நாங்க பாத்துக்குறோம், வேணும்னா இப்பவே கிளாஸ் ஆரம்பிச்சிடலாம்” என்கிறார்கள். சேரலாமா? வீட்டுக் காரில் அவன் அப்பாவே சொல்லிக்கொடுத்தால் போதாதா? — வாசகி, திருப்பூர்

பதில்: “இப்பவே ஆரம்பிச்சிடலாம்” என்றார்களே, அந்த ஒரு வார்த்தைக்காகவே வேறு ஸ்கூல் பாருங்கள். 18 முடியாமல் காருக்கு எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) கிடைக்காது, எல்எல்ஆர் இல்லாமல் ரோட்டில் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 199ஏ பிரிவைப் பலரும் சாதாரணமாக நினைக்கிறார்கள். மைனர் ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸே கிடையாது. ஒரு மாதம் பொறுத்தால் போகிற விஷயம் இது.

அடுத்து அந்தப் பன்னிரண்டாயிரம். அதில் அரசாங்கத்துக்குப் போவது மிகக் கொஞ்சம். மத்திய விதிகளின்படி எல்எல்ஆருக்கு ஒரு வகை வண்டிக்கு 150, அதற்கான தேர்வுக்கு 50, ஓட்டிக்காட்டும் டெஸ்டுக்கு ஒரு வகைக்கு 300, லைசென்ஸ் வழங்க 200. பைக், கார் இரண்டுக்கும் சேர்த்து ஆயிரத்து இருநூறை ஒட்டி வரும், சேவைக் கட்டணம், தபால் என்று இன்னும் கொஞ்சம் கூடலாம். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பித்துக் கட்டிவிடலாம், இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். ஆக, ஸ்கூலுக்குக் கொடுப்பது பையன் வண்டி ஓட்டும் நேரத்துக்கான காசு, பேரம் பேசுவதும் அதை வைத்துத்தான். “லைசென்ஸ் வேலைக்கு எவ்வளவு, ஓட்டக் கற்றுத்தர எவ்வளவு?” என்று பிரித்துக் கேளுங்கள். பிரித்துச் சொல்லாவிட்டால் கிளம்பிவிடுங்கள்.

சொந்த உபயோக கார் ஓட்டக் கற்பவருக்கு ஸ்கூல் குறைந்தது 21 நாள் பயிற்சி தர வேண்டும், அதில் கையில் ஸ்டியரிங் பிடித்து ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. இது மத்திய மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. ஆனால் நடப்பது என்ன? காலையில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு சுற்றுவார்கள், ஆளுக்குக் கால் மணி நேரம் கிடைத்தாலே பெரிது. மாணவர் எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று ஸ்கூல் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும், படிவம் 15 என்பார்கள். சேரும்போதே அதைக் காட்டச் சொல்லுங்கள், முகம் மாறுகிறதா பாருங்கள்.

இன்னொன்று. ஸ்கூல் காரில் மாஸ்டர் காலடியிலும் கிளட்சும் பிரேக்கும் இருக்கும். அது அவசியம்தான், ஆனால் பல மாஸ்டர்கள் கிளட்சைத் தாங்களே மிதித்துக்கொண்டு வருவார்கள், பையன் ஸ்டியரிங்கை மட்டும் திருப்பிவிட்டு ஓட்டிவிட்டதாக நினைத்துக்கொள்வான். அப்புறம் வீட்டுக் காரில் மேம்பால ஏற்றத்தில் நிற்கும்போதுதான் தெரியும்: கிளட்சை விட்டதும் வண்டி ஆஃப் ஆகும், பின்னால் பஸ்காரர் ஹாரனை எடுக்க மாட்டார். முதல் வாரம் முடிந்ததும் ஒருநாள் பின்சீட்டில் உட்கார்ந்து மாஸ்டரின் காலைப் பாருங்கள்.

அப்பா சொல்லிக்கொடுக்கலாம், தாராளமாக. லைசென்ஸ் உள்ளவர் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில், அதாவது முன்சீட்டில், உட்கார வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு ‘எல்’ ஒட்ட வேண்டும். இவை சரியாக இருந்தால் வழக்கமான பாலிசியில் எல்எல்ஆர்காரர் ஓட்டினாலும் இன்சூரன்ஸ் செல்லும், இல்லாவிட்டால் கிளெய்ம் இழுபறிதான். என்னைக் கேட்டால் அடிப்படையை ஸ்கூலில் முடித்துவிட்டு, பழகுவதை அப்பாவோடு வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தவுடன் அப்பா என்றால் இரண்டாம் நாளே வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். 31-ஆம் நாளே ஸ்லாட் போட்டுத் தருகிறேன் என்பார்கள், பையன் தயாரானபின் போட்டால் போதும். பைக்குக்கு எட்டு போடுவதைக் காலி மைதானத்தில் மெதுவான வேகத்தில் பழகட்டும், எட்டில் காலை ஊன்ற வைப்பது பெரும்பாலும் வேகம்தான்.

கேள்வி: மகளுக்கு 16. டியூஷனுக்கு எக்ஸ்எல் வாங்கித் தரலாமா, அல்லது “லைசென்ஸ் தேவையில்லை” என்று விற்கும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரா?

பதில்: 16 வயதில் 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்குத்தான் லைசென்ஸ் தருவார்கள். எக்ஸ்எல் 100 கிட்டத்தட்ட 100 சிசி, அதனால் முடியாது. எலெக்ட்ரிக்கில் 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக, பேட்டரி இல்லாமல் 60 கிலோவுக்குள் இருந்தால் மட்டுமே லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாம். கடைக்காரரிடம் அந்த மாடலுக்கு, வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ஏஆர்ஏஐ அல்லது ஐகேட் அமைப்பின் சான்றிதழைக் கேளுங்கள். “ஒரு ஒயரைக் கழட்டினா நாற்பது போகும்” என்று கண்ணடித்தால் வாங்காதீர்கள். அப்படிக் கழற்றியபின் அது பதிவும் இன்சூரன்ஸும் இல்லாத மோட்டார் வாகனம், முதல் கேள்வியில் சொன்ன 199ஏ உங்கள் பக்கம் திரும்பும்.

கேள்வி: முழுப் பணமும் கட்டிவிட்டோம். நாலு கிளாஸ் எடுத்துவிட்டு ஸ்கூலில் போனையே எடுப்பதில்லை.

பதில்: ரசீது இருக்கிறதா? ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் உதவும். வாட்ஸ்அப்பில் தேதி போட்டு, நடக்காத வகுப்புகளுக்கான பணத்தைக் கேட்டு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஸ்கூலுக்கு உரிமம் கொடுப்பது ஆர்டிஓ அலுவலகம்தான் என்பதால் அங்கேயும் ஒரு மனு கொடுங்கள், பல நேரம் அதற்குத்தான் உடனே போன் வரும். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகார் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.