ஐம்பது வெள்ளிக்கு ஒரே ஒரு வரி

கேள்வி: அம்மா, எனக்கு வயது 54. வீடு பட்டர்வொர்த்தில், வேலை பினாங்குத் தீவில். மகன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டான். தைப்பூசத்துக்குக்கூடத் தண்ணீர்மலைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 'சாமி பயம் இல்லாதவனுக்கு ஒழுக்கம் எங்கிருந்து வரும்?' என்று என் மனைவி அழுகிறாள். சட்டத்தை மதித்து நடந்தால் போதும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். போன மாதம் நள்ளிரவு 2 மணிக்கு அவனை ஏற்றிக்கொண்டு வரும்போது ஜெலுத்தோங்கில் சிவப்பு விளக்கில் நின்றேன். ரோட்டில் ஈ காக்கை இல்லை. "ஏன்பா நிக்கிறீங்க, பயமா?" என்று கேட்டான். சட்டம் என்றேன். "சட்டம்னா எல்லா நேரமும் சட்டம்தானே?" என்றான். (சில மாதங்களுக்கு முன் போனில் பேசிக்கொண்டே ஓட்டியதற்குப் பிடித்தார்கள். 50 வெள்ளி கொடுத்துச் சமாளித்தேன். அவனும் பக்கத்தில் இருந்தான்.) மனிதன் ஏன் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறான்? ஒழுக்கம் எங்கிருந்து வருகிறது? அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது?
– பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்:

வயதில் மூத்தவள் என்ற உரிமையில் தம்பி என்றே அழைக்கிறேன். நீங்கள் கைப்பட எழுதியது மூன்று பக்கம். இடம் போதாமல் மேலே சுருக்கிப் போட்டிருக்கிறோம். அந்த மூன்று பக்கத்தில் கோயிலுக்கு இரண்டரைப் பக்கம். ஐம்பது வெள்ளிக்கு ஒரே ஒரு வரி, அதுவும் அடைப்புக்குறிக்குள். அதற்குக் கீழே ஒரு வரியை எழுதிவிட்டு அடித்திருக்கிறீர்கள். அடித்தாலும் படிக்க முடிகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. பள்ளிக்கூடச் சபைகூடலில் ருக்குன் நெகாரா சொல்லியிருப்பீர்கள். 1970-இல் வந்த, நம் மலேசிய நாட்டின் ஐந்து கோட்பாடுகள். முதலாவது இறைவன் மீது நம்பிக்கை. நான்காவது சட்டம். ஐந்தாவது நன்னடத்தையும் ஒழுக்கமும். உங்கள் வீட்டில் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டுவிட்டீர்கள்! மனைவிக்கு முதலாவது, உங்களுக்கு நான்காவது, மகனுக்கு ஐந்தாவது. எழுதியவர்கள் சட்டத்தையும் ஒழுக்கத்தையும் ஒரே வரியில் அடைக்காமல் தனித்தனியாக வைத்தார்களே, அதை நான் பல ஆண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தும் ரொம்ப நாள் யோசித்ததில்லை.

சரி, பயத்துக்கு வருவோம். பயம் வேலை செய்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பினாங்குப் பாலத்தில் கேமரா இருக்கும் இடம் வந்ததும் எல்லாக் காடியும் சாதுவாகிவிடும். தாண்டியதும் பழைய குருடி கதவைத் திறடி. பயத்தின் எல்லை அவ்வளவுதான், கண் எட்டும் தூரம். ஆனால் நம் அன்றாடத்தில் பெரும்பகுதியைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கை கழுவிவிட்டுக் கல்லாவுக்குப் போகிறீர்கள். "என்ன சாப்பிட்டீங்கண்ணே?" என்கிறார். நீங்களே கணக்குச் சொல்கிறீர்கள்: சைவச் சாப்பாடு, ஒரு முட்டை, ஒரு மோர். அந்த முட்டையை விட்டுச் சொன்னால் அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனாலும் சொல்கிறோம். மறந்துபோய் விட்டுவிட்டால் பாதி வழியில் ஞாபகம் வந்து சங்கடப்படுகிறோம். கேமராவும் இல்லை, சம்மனும் இல்லை.

டாம் டைலர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைத்தான் முறையாகக் கேட்டுப் பார்த்தார். சிக்காகோ நகரில் 1,575 பேரிடம் விசாரித்து 1990-இல் முடிவை வெளியிட்டார். பிடிபடுவோம் என்ற பயத்தைவிட, 'இந்தச் சட்டத்தை நடத்துகிறவர்கள் நியாயமாக நடத்துகிறார்கள்' என்ற நம்பிக்கைதான் ஜனங்களைக் கட்டுப்பட வைக்கிறது என்பது அவர் கண்டது. தீர்ப்பு நமக்குச் சாதகமா பாதகமா என்பதுகூட அடுத்த கதைதான். நாம் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்களா, ஆளுக்கொரு நீதி காட்டாமல் இருந்தார்களா, அதைத்தான் மனிதர்கள் முதலில் பார்க்கிறார்களாம். உங்கள் மகனை அந்த இருக்கையில் வைத்து யோசியுங்கள். சட்டத்தை நடத்துகிறவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டியவரும் கண்ணாடியைப் பாதி இறக்கிக்கொண்டு பேரம் பேசியதை அவன் நேரில் பார்த்திருக்கிறான். சட்டத்தின் மேல் இருந்த மரியாதை அங்கே எவ்வளவு கழன்றிருக்கும்?

இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைக் காப்பகங்கள். பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிப்போகத் தாமதமாக வருகிறார்கள், ஆயாக்கள் காத்துக் கிடக்கிறார்கள். சில காப்பகங்களில் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கல் அபராதம் என்று போட்டார்கள். தாமதம் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? கூடியது, ஏறக்குறைய இரண்டு மடங்காக! அதுவரை 'ஐயோ, ஆயாம்மா காத்திருப்பாரே' என்று கூச்சப்பட்டு ஓடிவந்தவர்கள், அதன் பிறகு 'காசு கொடுக்கிறோமே' என்று நிதானமாக வந்தார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. 2000-ஆம் ஆண்டு இது வெளியானது. தப்புக்கு விலை போட்டதும் அது தப்பாக இருப்பது நின்று சரக்காகிவிடுகிறது. உங்கள் ஐம்பது வெள்ளியும் அப்படி ஒரு விலைதான். போனில் பேசிக்கொண்டே ஓட்டுவதற்கு என்ன விலை என்று அன்றைக்கு உங்கள் மகன் தெரிந்துகொண்டான்.

'சமாளித்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். லஞ்சம் என்ற சொல் மூன்று பக்கத்திலும் இல்லை. நம் ஆட்கள் 'காப்பிக் காசு' என்பார்கள், கேட்பதற்குச் சுடச்சுட ஒரு கோப்பை மாதிரி இருக்கும். 2009-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் வாங்குகிறவரோடு கொடுக்கிறவரும் குற்றவாளிதான். 20 ஆண்டு வரை சிறை. அதோடு லஞ்சத் தொகையின் ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, இரண்டில் எது பெரியதோ குறைந்தது அவ்வளவு அபராதம். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. சட்டத்தை மதித்து நடந்தால் போதும் என்று மகனிடம் சொன்னவர் நீங்கள், அதனால் சொல்கிறேன்.

அடுத்து, உங்கள் மனைவியின் கவலை. அதை நான் ஒதுக்க மாட்டேன். மாலை போட்டு விரதம் இருக்கிறவரைப் பாருங்கள், யார் காவல் நிற்கிறார்கள்? தான் வைத்த வேண்டுதலுக்காகத் தன்னையே கட்டிப்போட்டுக்கொள்கிறார். பக்தி அப்படி ஒரு பயிற்சியைத் தரும். ஆனால் ஒழுக்கத்தின் விதை அதற்கும் முன்னாலேயே விழுந்துவிடுகிறது என்றுதான் நினைக்கிறேன்.

எலியட் டூரியல் என்ற உளவியலாளரும் அவர் வழி வந்தவர்களும் சின்னப் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. அதை என் பேத்தியிடம் நானும் கேட்டுப் பார்த்தேன். அவளுக்கு நாலு வயது. பாலர் பள்ளியிலிருந்து வந்து, ஒரு காலில் சப்பாத்தோடு, கையில் மைலோவோடு உட்கார்ந்திருந்தாள். "சப்பாத்து போட்டுக்கிட்டு வகுப்புக்குள்ள போகலாமா?" "கூடாது." "டீச்சர் போகலாம்னு சொன்னா?" "அப்ப போகலாம்." சந்தேகமே இல்லை அவளுக்கு. "சரி, தம்பியைக் கிள்ளலாமா?" "கூடாது." "டீச்சர் கிள்ளலாம்னு சொன்னா?" மைலோவைக் கீழே வைத்துவிட்டு, இந்தப் பாட்டிக்கு என்ன ஆச்சு என்பதுபோல் பார்த்தாள். "டீச்சர் சொன்னாலும் கூடாது. அவனுக்கு வலிக்கும்ல?"

உலகத்தில் பல இடங்களில் பிள்ளைகள் இப்படித்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள். மூன்று நான்கு வயதிலேயே, ஆள் சொன்னால் மாறும் விதி வேறு, யார் சொன்னாலும் மாறாத விதி வேறு என்று பிரிக்கத் தெரிகிறது. மாறாததற்கு அவர்கள் காட்டும் காரணம் இன்னொருவரின் வலி. என் பேத்திக்கு அதை யாரும் பாடமாக நடத்தவில்லை. அவளும் கிள்ளு வாங்கியிருக்கிறாள், தம்பி அழும்போது பக்கத்தில் இருந்திருக்கிறாள், அவ்வளவுதான். (அதன் பிறகும் கிள்ளத்தான் செய்கிறாள். அது தனிக்கதை.)

பாடமாக நடத்தி வராது என்பதற்கு நானே சாட்சி. நன்னெறிக் கல்வித் தேர்வு ஒன்றில் கண்காணிப்புக்கு நின்றேன். நல்ல பையன், எல்லா நெறியும் தலைகீழாகச் சொல்வான். முழங்கைக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு. பிடுங்கிப் பார்த்தால், 'நேர்மை' என்ற சொல்லுக்கான விளக்கம்! எழுத்துப் பிழைகூட இல்லை. சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் சீட்டை என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அதற்காகச் சட்டம் ஒழுக்கத்தை வளர்க்கவே வளர்க்காது என்று சொல்லிவிட முடியாது. 2009-இல் நம் மாநிலத்தில் திங்கட்கிழமைகளில் இலவச நெகிழிப் பை கிடையாது என்றார்கள். 2011-இல் எல்லா நாளும் பைக்கு 20 சென் என்று ஆக்கினார்கள். நான் திட்டாத திட்டில்லை. இன்றைக்குச் சௌரஸ்தா சந்தைக்குத் துணிப்பை இல்லாமல் போய்விட்டால் ஏதோ சேலையைச் சரியாகக் கட்டாமல் வந்துவிட்டதுபோல் இருக்கிறது. ஹைஃபாவில் கூச்சத்தைக் கெடுத்த அதே காசு இங்கே எனக்குக் கூச்சத்தைக் கொடுத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் காசாளர் பெண் "பை வேணுமா?" என்று கேட்டதும், பக்கத்து வரிசைக்காரர் கையில் பை இருந்ததும்தான் வித்தியாசமோ என்னவோ.

சட்டமே தப்பாக இருந்த காலமும் நம் குடும்பங்களுக்குத் தெரியும். என் கொள்ளுத்தாத்தா செபராங் பிறையில் கரும்புத் தோட்டத்துச் சஞ்சிக்கூலி, அதாவது ஒப்பந்தக் கூலி. அந்த முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன் ஒப்பந்தம் முடியாமல் தோட்டத்தை விட்டு ஓடினால் குற்றம், ஜெயில். அவர் ஓடினார். யாரோ ஒரு கிழவி மாட்டுக்கொட்டகையில் மூன்று நாள் ஒளித்து வைத்துச் சோறு போட்டாளாம். சட்டப்படி அவளும் குற்றவாளி. எங்கள் வீட்டில் ஆடி மாதம் படைக்கும்போது பெயர் தெரியாத அந்தக் கிழவிக்கும் ஓர் இலை உண்டு.

சரி தம்பி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. நள்ளிரவுச் சிவப்பு விளக்கில் நில்லுங்கள், கேட்டால் காரணத்தையும் சொல்லுங்கள். குறுக்குச் சாலையில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகிற ஒரு பையன், தனக்குப் பச்சை என்றால் உங்களுக்குச் சிவப்பு என்று நம்பித்தான் வருகிறான். அவன் வருவது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 'சட்டம்' என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பதைவிட இது உங்கள் மகனுக்குப் புரியும்.

மனைவியிடம், கோயிலுக்கு வரச் சொல்லி அவனை நச்சரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்த தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்ற ஆள் தேவைப்படும். கூப்பிட்டுப் பாருங்கள், வந்தால் வரட்டும். வராவிட்டாலும் அவன் கெட்டுப்போய்விட மாட்டான். தப்பு எது என்று தெரியாத பிள்ளை அப்பாவிடம் 'சட்டம்னா எல்லா நேரமும் சட்டம்தானே?' என்று கேட்டிருக்காது.

கடவுள் உண்டா இல்லையா என்று அவனோடு வாதத்தில் இறங்காதீர்கள். அவன் கேட்டது அதை அல்ல. ஐம்பது வெள்ளியைப் பற்றி நீங்களே எடுத்துப் பேசுங்கள். 'எல்லாரும் செய்றதுதானே', 'அவர்தான் கேட்டார்' இதெல்லாம் வேண்டாம். அன்றைக்குப் பயந்துவிட்டேன், சம்மன் காசை நினைத்தேன், செய்தது தப்பு என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை பிடித்தால் சம்மனை வாங்கிக்கொள்ளுங்கள். போன் செயலியிலேயே கட்டிவிடலாம், உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் அவனையே கட்டித்தரச் சொல்லுங்கள்.

எப்படி ஆரம்பிப்பது என்று தடுமாறுவீர்கள். கடிதத்தில் நீங்கள் அடித்துவிட்ட அந்த வரி: 'அன்றைக்கு வீடு வந்து சேரும் வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.' அங்கிருந்து ஆரம்பியுங்கள்.